சிங்கப்பூரில் ஆசிரியர் வேலை தேடுகிறீர்களா? முதலில் உங்கள் பாஸைப் பாருங்கள்

பி.எட். முடிச்சாச்சு. ஊரில் இரண்டு மூன்று வருஷம் பாடம் எடுத்த அனுபவமும் இருக்கு. இப்போ கல்யாணம் ஆகியோ, துணைக்கு இங்கே வேலை கிடைச்சோ சிங்கப்பூர் வந்தாச்சு. அடுத்து?

பலர் முதலில் செய்வது, பயோடேட்டாவைப் பத்துப் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புவதுதான். பெரும்பாலும் பதில் வராது. உங்கள் தகுதி குறைவு என்பதால் அல்ல. இங்கே வேலை தேடும் வரிசையே வேறு.

பட்டத்துக்கு முன்னால் பாஸ்

நீங்கள் வேலை செய்யலாமா என்பதை முதலில் முடிவு செய்வது உங்கள் சான்றிதழ் அல்ல, கையில் இருக்கும் அட்டை.

நிரந்தரவாசி என்றால் தனி வேலை அனுமதி தேவையில்லை. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்து, நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறீர்களா? ஒப்புதல் கடிதம் இருந்தால் வேலை செய்யலாம். சிலருக்கு அட்டை கிடைக்கும்போதே முன்-ஒப்புதல் கடிதமும் கிடைத்துவிடும். முதலாளிக்கு இது எளிது என்பதால், நேர்காணலுக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

சிக்கல் டிபி எனப்படும் சார்ந்திருப்போர் அட்டையில் வந்தவர்களுக்குத்தான். முன்பு இவர்களும் ஒப்புதல் கடிதத்தில் வேலைக்குப் போனார்கள். 2021 மே 1 முதல் அந்த வழி மாறிவிட்டது. இப்போது வேலை தருபவர் உங்களுக்குத் தனியாக ஒரு வேலை அனுமதி எடுக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி. இது 2025இல் நடப்புக்கு வந்த தொகை. வயது கூடக்கூட அதுவும் கூடும். எஸ் பாஸுக்குச் சம்பளம் குறைவு, ஆனால் நிறுவனத்துக்கு ஒதுக்கீடும் தீர்வையும் உண்டு. சின்ன துணைப்பாட நிலையம் ஒன்று உங்களைப் பிடித்திருந்தும் "சாரி" சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணமாக இருக்கும். மனசு ஒடிஞ்சு போக வேண்டாம்.

ஊரிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றால் ஒரு வேலை: எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் அசலாக எடுத்து வையுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் பட்டத்தைக் காட்டினால், அது உண்மையானதுதானா என்பதற்குச் சரிபார்ப்புச் சான்று தேவைப்படும். இங்கே உட்கார்ந்துகொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து நகல் வாங்குவது பெரிய அலைச்சல்.

"வீட்டிலேயே நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தா என்ன?"

அநேகமாக எல்லாருக்கும் தோன்றும் கேள்வி. பக்கத்து புளோக் அக்கா எடுக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் விளம்பரமும் வருகிறது. பணம் கையில் வாங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள்.

வேண்டாம். வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டம் முதலாளியிடம் சம்பளம் வாங்குவதை மட்டும் பார்ப்பதில்லை. அனுமதி இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்யும் வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். தண்டனை 20,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் இங்கே வேலை செய்யும் வாய்ப்பும் போய்விடலாம். ஒரு மாணவருக்கு 200 வெள்ளி கிடைக்கிறது என்று இதில் இறங்கினால், குடும்பமே இங்கே தங்குவது கேள்விக்குறியாகலாம்.

ஒப்புதல் கடிதம் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். அது ஒரு முதலாளியிடம் வேலை செய்வதற்கான கடிதம். வீட்டில் தனியாக வகுப்பு நடத்தும் முன் மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அந்த புளோக் அக்கா? அவர் குடிமகளாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்கலாம். அவருக்கும் வீவக வீட்டில் ஒரே நேரத்தில் 3 மாணவர்களுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

எங்கே விண்ணப்பிக்கலாம்?

அரசாங்கப் பள்ளிகளின் நிரந்தர ஆசிரியர்களைக் கல்வி அமைச்சுதான் தேர்ந்தெடுக்கிறது. விண்ணப்பமும் அமைச்சின் இணையத்தளத்தில்தான். வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் எடுப்பது தேவையைப் பொறுத்தது. உங்கள் பி.எட். இருந்தால் உடனே வகுப்பறைக்குள் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாகத் தேர்வானவர்கள் முதலில் ஒரு பள்ளியில் சில காலம் பாடம் நடத்துவார்கள், பிறகு தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி. ஏற்கெனவே நீங்கள் பெற்ற பயிற்சியை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்பது அமைச்சின் முடிவு.

இந்தியப் பயிற்சி அப்படியே கைகொடுக்கும் இடம் இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் அனைத்துலகப் பள்ளிகள். சிபிஎஸ்இ கணிதமோ இயற்பியலோ எடுத்தவர் என்றால் இங்கிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். பள்ளியும் பெரிது, வேலை அனுமதி எடுத்துப் பழக்கமும் உண்டு.

துணைப்பாட நிலையங்களில் ஒரு விஷயம் கேளுங்கள்: நிலையம் கல்வி அமைச்சிடம் பதிவு செய்ததா? 10 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கும் இடம் பதிவு செய்தாக வேண்டும். அங்கே கற்பிக்கும் ஆசிரியரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். "முதல்ல ஆரம்பிங்க, பேப்பர் அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாலர் பள்ளி இன்னொரு வழி. அதற்கு இசிடிஏ எனப்படும் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் சான்றளிப்பு வேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு இது கீழிறங்குவது போலத் தோன்றலாம். நான்கு வயதுக் குழந்தைகள் இருபது பேரை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தமிழாசிரியர் என்றால்…

"நமக்குத் தெரியாத தமிழா?" என்று நினைத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறுவது உண்டு. இங்கே தமிழ் ஒரு பாடம்; மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில். பல பிள்ளைகள் வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். அதனால்தான் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, நல்ல பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரச் சொன்னது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் வாய்மொழிப் பகுதியில் மாணவர் ஒரு காணொளியைப் பார்த்து அதைப் பற்றி உரையாட வேண்டும். மனப்பாடம் உதவாது.

ஆக, இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கிப் பழகியவர்கள் பிள்ளைகளைப் பேச வைக்கப் பழக வேண்டும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் பழைய தேர்வுத்தாள் தொகுப்பு ஒன்று வாங்கிப் பாருங்கள். இங்கே எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரே நாளில் பிடிபட்டுவிடும்.

நேர்காணலில் மாதிரிப் பாடம் எடுக்கச் சொன்னால், ஒரு பிள்ளை உங்கள் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதாக வைத்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். அதட்டாமல், அந்தப் பதிலை அவர் வாயாலேயே தமிழில் எப்படிச் சொல்ல வைப்பீர்கள்?