ஔவை: ஓர் உறவுச் சொல்லின் நெடுவாழ்வு

தமிழ் அரிச்சுவடியில் 'ஔ'வுக்கு வேலை குறைவு. ஔடதம் வழக்கொழிந்துவிட்டது. அந்த எழுத்தைச் சொல்லித்தர ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது கோலூன்றி நிற்கும் ஒரு கிழவியைத்தான். 'அ'வுக்கு அம்மா, 'ஔ'வுக்கு ஔவையார் என்று படித்து வளர்ந்ததால் அதை ஒரு புலவரின் பெயராக மட்டுமே அறிவோம். ஆனால் அம்மாவைப் போல ஔவையும் ஒரு முறைப்பெயர்தான்.

அவ்வை என்றும் எழுதுவதுண்டு. அகரத்தோடு வகர ஒற்றுச் சேர்ந்தால் ஔகாரம் போல ஒலிக்கும் என்று நன்னூல் இதற்கு இடம் தருகிறது. என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, அவன் தந்தை தந்தை என்பது பழைய வழக்கு. அதே வார்ப்பில் எவ்வை, நுவ்வை, தவ்வை என்ற சொற்களும் இருந்தன. சிறுமிகள் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை, புன்னையாக முளைக்கிறது. அதற்குப் பாலூற்றி வளர்த்தவர்களிடம், 'இது உங்கள் தங்கை' என்று அன்னை சொன்ன கதை நற்றிணை 172-ஆம் பாட்டில் வருகிறது. அங்கே தங்கையைக் குறிக்கும் சொல் நுவ்வை. தவ்வையோ தமக்கை. பொறாமைக்காரனைத் திருமகள் தன் தவ்வைக்குக் காட்டிவிட்டு விலகுவாள் என்கிறது 167-ஆம் குறள். அந்தத் தவ்வை, காக்கைக் கொடியோடு கோயில்களில் அமர்ந்து வழிபாடும் பெற்றாள். பிறகு மூதேவி என்ற வசவாகச் சுருங்கிப்போனாள்.

உடன்பிறந்த சொல் சரிந்தபோது ஔவை உயர்ந்தது. கன்னடத்தில் அவ்வ என்றால் தாய், குடகிலும் தாய்தான். தெலுங்கில் பாட்டியும் வயதான எந்தப் பெண்ணும் அவ்வ. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் வீடுகளில் 'அவ்வா' என்ற அழைப்பு இன்றும் கேட்கிறது. தங்கை, தமக்கை, தாய், பாட்டி என்று இந்தச் சொல்லடி சுட்டிய பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இன்று நாம் புழங்கும் 'பாட்டி' வேறு வழியில் வந்தது. தொல்காப்பிய மரபியலில் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற்பெயர் பாட்டி. மதுரைக்காஞ்சியில் பாணரோடு சேர்த்து அழைக்கப்படும் பாட்டியர், பாண்குலப் பெண்கள். வீட்டு முதியவளுக்கு அது பெயரானது பிற்பாடுதான். ஆனால் பாட்டி என்ற பெயருக்கு முன்பே அவளுக்குரிய இடம் ஊரில் இருந்தது. முல்லைப்பாட்டில் தலைவனைப் பிரிந்து வாடும் தலைவிக்காக ஊர்ப்புறத்துக்குப் போய், நெல்லும் மலரும் தூவி, நற்சொல் கேட்டு வருபவர்கள் பெருமுது பெண்டிர். கன்றைத் தேற்றும் ஓர் ஆயர்மகளின் வார்த்தையைக் கேட்டு, 'உன் தலைவன் வருவான்' என்று துணிந்து சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடிய ஔவையைக் கிழவியாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. புறநானூறு 89-இல் பகையரசன் அவரை மையுண்ட கண்களையுடைய விறலி என்றே விளிக்கிறான். நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை அதியமான் தானுண்ணாமல் அவருக்குத் தந்த செய்தி 91-ஆம் பாட்டில் இருக்கிறது. கொடுத்தவன் முந்திக்கொண்டான், அவனுக்குக் கையறுநிலை பாடும்படி ஆனது. பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடியும் மூதுரையும் பாடியவரும் ஔவையார்தான். பல காலத்துப் பெண்கள் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்ததால் ஔவைக்கு வயது ஆயிரத்தைத் தாண்டியது. நெல்லிக்கனி அந்த நெடுவாழ்வுக்குக் காரணம் சொன்னது. மணம் பேசியபோது பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே மூப்பை வாங்கிக்கொண்டார் என்ற கதை நரைக்குக் காரணம் சொன்னது. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்த உருவத்துக்குக் குரல் கொடுத்தார். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அது சிலையாகவும் நின்றது.

ஏட்டுக்கு வெளியிலும் ஔவை வாழ்கிறார். நாஞ்சில் நாட்டுப் பெண்கள் ஆடி, தை, மாசிச் செவ்வாய்களில் ஔவையார் நோன்பு இருந்து, உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். ஆண்களுக்கு அங்கே இடமில்லை. முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற சிறுமிகளுக்காக 1930-களின் தொடக்கத்தில் நிறுவிய இல்லத்துக்கும் ஔவையின் பெயரைத்தான் வைத்தார். வீட்டை இழந்த பிள்ளைக்கு இன்னொரு வீட்டை வாக்களிக்கப் புலவர் பெயரைவிட அதற்குள் இருக்கும் உறவுமுறை பொருந்திவந்தது.

ஔவைக்கு நேர்ந்தது இன்றும் நேர்கிறது. செட்டிநாட்டில் வளர்ந்த நடிகை மனோரமா தமிழகம் முழுவதற்கும் ஆச்சி ஆனார். பிரசவத்துக்கு மருந்து அரைத்து, பங்காளிச் சண்டைக்கு நியாயம் சொல்லி, சாவு வீட்டில் முறை எடுத்துக்கொடுத்த பெண்ணும் ஒரு வயதுக்கு மேல் தெரு முழுவதற்கும் ஆச்சியாகவோ அப்பத்தாவாகவோ அம்மாயியாகவோ ஆகிவிடுகிறாள். அவளுடைய சொந்தப் பெயரைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலாகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் படிக்கிறார்கள். ஊர் அவளுக்கு முறைப்பெயரைத் தந்து, இட்ட பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் அவள் பெற்றது பெரிது என்றாலும், பிறந்த ஊர், படித்த வகுப்பு, தோழிகள் என்று பழைய பெயரோடு ஒட்டியிருந்த ஒரு வாழ்வு கணக்கில் வராமல் போகிறது. அதியமான் காலத்து ஔவையிடம் அதையெல்லாம் இனிக் கேட்க வழியில்லை. வீட்டில் ஆச்சி இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.