எண்ணெயிலிருந்து ஒயருக்கு: லாக்அப் கிளட்ச் கடந்துவந்த பாதை

தானியங்கி கியர்பெட்டி கொண்ட காரில், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே கிளட்ச் இருக்கவேண்டிய இடத்தில், எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் அமர்ந்திருக்கிறது. இதன் மூலவடிவத்தைத் தந்தவர் ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். மிக விரைவாகச் சுழலும் நீராவி டர்பைனின் ஆற்றலை, மெதுவாகச் சுழலவேண்டிய கப்பல் உந்திக்குக் கொண்டுசெல்ல வழிதேடிய அவர், 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இறக்கைச் சக்கரம் எண்ணெயை வீச, அந்த வீச்சில் எதிரே உள்ள மற்றொரு சக்கரம் சுழல்கிறது. நடுவே ஸ்டேட்டர் எனப்படும் மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றுவதால், வண்டி புறப்படும் வேளையில் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதோ இந்தப் பெருக்கத்துக்கு வேலை இல்லை; அப்போதும் இரண்டாம் சக்கரம் முதல் சக்கரத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழல, வழுக்கல் எனப்படும் அந்த வேறுபாடு எண்ணெயில் சூடாக மாறிப் பெட்ரோலை வீணாக்குகிறது.

இந்த இழப்புக்கு மருந்து பழையது. 1949இல் பேக்கார்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய அல்ட்ராமேட்டிக் கியர்பெட்டியில், வண்டி வேகமெடுத்ததும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் கிளட்ச் ஒன்று கன்வெர்ட்டருக்குள்ளேயே இருந்தது. லாக்அப் என்று பின்னாளில் பெயர்பெற்றது இதுவே. அடுத்த ஆண்டு ஸ்டூடிபேக்கரும் அவ்வாறே செய்தது. எனினும் பெட்ரோல் மலிவாகக் கிடைத்த அமெரிக்காவில் இந்தக் கூடுதல் கிளட்சுக்குச் செலவிட ஏனையோர் முன்வரவில்லை. 1956உடன் அல்ட்ராமேட்டிக்கும் நின்றுபோக, நல்லதொரு யோசனை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கியது.

அதை எழுப்பியது 1973இன் எண்ணெய் நெருக்கடி. 1975இல் இயற்றப்பட்ட அமெரிக்க எரிபொருள் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி 1978இல் கேலனுக்கு 18 மைல், 1985இல் 27.5 மைல் என்று இலக்கு வைத்தது. நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 7.7 கிலோமீட்டரும் 11.7 கிலோமீட்டரும் ஆகும். 1978ஆம் ஆண்டு மாடல்களில் கிரைஸ்லர் தன் டார்க்ஃபிளைட் கியர்பெட்டியில் லாக்அப்பைச் சேர்த்தபோது, அதை இயக்கும் பொறுப்பு முழுவதையும் எண்ணெய் அழுத்தமும் வால்வுகளுமே ஏற்றன. ஒயர் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் தேர்ந்த வழி மின்சாரம். 1982ஆம் ஆண்டு மாடல்களில் வந்த 700ஆர்4 என்னும் நான்கு கியர் பெட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூட்டும் தட்டுக்கு முன்புறமாக எண்ணெய் பாயும்வரை கிளட்ச் விலகியே நிற்கும். பாயும் திசை மாறினால் தட்டு கன்வெர்ட்டரின் மூடியோடு அழுந்திப் பிடித்துக்கொள்ளும். திசையை மாற்றும் வால்வு சோலினாய்டின் கையில் இருக்கிறது. சோலினாய்டு என்பது மின்சாரம் பாயும்போது காந்தமாகி ஒரு சிறு துளையை அடைக்கும் கம்பிச்சுருள். துளை அடைபட்டதும் அழுத்தம் ஏறி வால்வு நகர்கிறது. ஃபியூஸிலிருந்து புறப்படும் 12 வோல்ட் முதலில் பிரேக் பெடலில் உள்ள சுவிட்சைக் கடந்து சோலினாய்டை அடைகிறது. மறுமுனைக்கு எர்த் கொடுப்பது வண்டியின் கணினி. பிரேக் விளக்கின் சுவிட்ச் பெடலை மிதித்தால் இணையும். இந்தச் சுவிட்சோ மிதித்தால் துண்டிக்கும். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில்தான் முழு அமைப்பின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. பூட்டு விலகாமல் வண்டி நின்றால், கிளட்சை மிதிக்காமல் கியரில் நிறுத்திய வண்டியைப் போல எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும்.

இந்தக் கியர்பெட்டியை 1950களின், 60களின் கார்களில் மாற்றிப் பொருத்தும் பழக்கம் பரவியபோது, எர்த் கொடுக்கக் கணினி இல்லாத நிலை தோன்றியது. ஒயரைத் தொடாமலே விட்டவர்களின் வண்டிகளும் ஓடத்தான் செய்தன. ஆனால் எஞ்சின் குறைந்த சுற்றில் இழுக்கும் நான்காம் கியரில் பூட்டின்றி நெடுந்தூரம் ஓடினால் எண்ணெய் அளவுமீறிச் சூடாகி, கியர்பெட்டியின் கிளட்ச் தட்டுகள் கருகுகின்றன. இதற்குக் கைகண்ட தீர்வு, கியர்பெட்டிக்குள் நான்காம் கியரின் எண்ணெய் அழுத்தத்தால் இணையும் சுவிட்சின் வழியே சோலினாய்டுக்கு எர்த் கொடுப்பது. ஆக்சிலரேட்டரை ஆழ மிதிக்கும்போது பூட்டு விலகி முறுக்குவிசை பெருக வேண்டுமானால், எஞ்சினின் உறிஞ்சும் அழுத்தத்தை உணரும் வேக்குவம் சுவிட்சையும் 12 வோல்ட் பாதையில் சேர்க்கலாம், அது வசதிக்கானது. ஒருபோதும் விட்டுவிடக்கூடாதது பிரேக் சுவிட்ச். கியர் மாற்றுவதையும் கணினியே ஏற்றுக்கொண்ட 4எல்60இ, 1993இல் இந்தப் பெட்டியின் இடத்துக்கு வந்தபோதும், பிரேக்கை மிதித்தால் பூட்டு விலகவேண்டும் என்ற விதி மாறவில்லை.