வந்த வழியே திரும்புதல்

காஞ்சிபுரத்துத் தறியில் நெய்த பகுதியில் பிழை கண்டால், கடைசியாக இட்ட ஊடை இழையையே முதலில் உருவ வேண்டும். இயற்கணிதம் 'நேர்மாறுச் சார்பு' காணும் முறையும் இதுவே. இறுதியில் செய்ததை முதலில் நீக்கவேண்டும். ஒவ்வொரு செயலையும் அதன் எதிர்ச்செயலால் நீக்கவேண்டும். இக்கருத்து நம் நாட்டில் வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

கி.பி. 499ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டீயம், பெருக்கல் வகுத்தலாகவும் கூட்டல் கழித்தலாகவும் மாறும் என இம்முறையை ஒரே சூத்திரத்தில் அடக்கிற்று. 628இல் பிரம்மகுப்தர், முடிவிலிருந்து தொடங்குக என்றும், வர்க்கத்திற்கு மூலமும் மூலத்திற்கு வர்க்கமும் எதிர் என்றும் விரித்துரைத்தார்.

1150இல் இரண்டாம் பாஸ்கரர் இயற்றிய லீலாவதியில் இதற்கொரு கணக்கு உண்டு. ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி, வந்ததோடு அதன் முக்காலைக் கூட்டி, 7ஆல் வகுத்து, ஈவில் மூன்றிலொரு பங்கைக் கழித்து, மிஞ்சியதை வர்க்கமாக்கி, 52ஐக் கழித்து, மூலம் கண்டு, 8ஐக் கூட்டி, 10ஆல் வகுத்தால் 2 வருகிறது. பின்னோக்கி நடந்தால் 20, 12, 144, 196, 14, 21, 147, 84 எனக் கடந்து 28ஐ அடைகிறோம். லீலாவதி தரும் விடையும் அதுவே.

ஆனால் −28ஐ இட்டுப் பார்த்தாலும் 2தான் வருகிறது! வர்க்கமாக்கும் இடத்தில் −14, 14 இரண்டும் 196 ஆகிவிடுகின்றன. வந்த வழி எது என்பது அங்கே அழிந்துபோகிறது. பாஸ்கரர் இதை அறியாதவரல்லர். மிகை எண்ணுக்கு மூலம் இரண்டு என்று தம் பீஜகணிதத்தில் அவரே கூறுகிறார்; குறை எண்ணை விடையாக உலகோர் ஏற்பதில்லை என்றும் அங்கே குறிப்பிடுகிறார். எண்கணித நூலான லீலாவதியோ மிகை எண்ணோடு நின்றுவிடுகிறது.

நேர்மாறுச் சார்புக்கு இன்று வழங்கும் குறியீட்டை 1813இல் ஜான் ஹெர்ஷல் கொண்டுவந்தார். இன்றைய கணிதம், சார்பு ஒன்றுக்கொன்றானதா என முதலில் வினவுகிறது. அன்றெனில் உள்ளீட்டுக்கு வரம்பு கட்டுகிறது. லீலாவதி சொல்லாமல் கட்டிய வரம்பை இது வெளிப்படையாகச் சொல்கிறது எனலாம். திரும்பும் விதியை மட்டும் மனனம் செய்விக்கும் நம் வகுப்பறைகள் பெரிதும் விட்டுவிடுவது இவ்வினாவையே: திரும்பும் வழி ஒன்றுதானா?