காலி ஃபோல்டர் ஏன் அழிய மாட்டேங்குது? பகிர்வு டிரைவின் வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

சரவணம்பட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஐ.டி. வளாகங்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் சத்தி ரோட்டை ஒட்டிய சந்துகளில் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் டிசைன் ஆபீஸ், ஆடிட்டர் ஆபீஸ்தான் அதிகம். எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு ‘இசட் டிரைவ்’ இருக்கும். அங்கிருந்து என்னிடம் வரும் கேள்விகள் இரண்டே வகைதான். ஒன்று: “ஃபோல்டர் காலியாத்தானுங்க இருக்குது, ஆனா அழிய மாட்டேங்குது.” இன்னொன்று: “யாருமே தொடலீங்க, ஃபோல்டரையே காணோம்.” கேட்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ‘அழி’ என்ற சொல்லுக்கு கணினி உலகம் ஒரே பொருளை ஒருபோதும் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் யூனிக்ஸ். அதில் டைரக்டரி என்பது ஒரு பதிவேடு. இந்தப் பெயர், இந்த எண், அவ்வளவுதான். ஃபைலை அழிப்பது என்றால் பதிவேட்டில் அதன் பெயரை அடிப்பது. யாராவது அதைத் திறந்து வைத்திருந்தால் அவர் மூடும் வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. 1970-களின் யூனிக்ஸில் டைரக்டரியை நீக்கத் தனி சிஸ்டம் கால் கூட இல்லை. ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஒரு சின்ன புரோகிராம், காலியா என்று பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளி பெயர்களையும் பிறகு டைரக்டரியின் பெயரையும் ஒவ்வொன்றாக வெட்டும். நடுவில் வேறு யாராவது புகுந்தால் குழப்பம்தான். 1983-இல் வந்த 4.2 பி.எஸ்.டி. இதை ஒரே சிஸ்டம் காலாக்கியது.

அடுத்த ஆண்டு, 1984-இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்பு முறையை உருவாக்கியது. (நம் பக்கத்துக் குமரகுரு கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) அதன் அடிப்படைக் கொள்கை, யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்பதை சர்வர் ஞாபகம் வைத்துக்கொள்ளாது என்பது. சர்வர் விழுந்து எழுந்தாலும் வேலை தொடரும், அது பெரிய லாபம். ஆனால் திறந்திருக்கும் ஃபைலை ஒருவர் அழித்தால்? சர்வருக்குத் தெரியாதே! அதனால் கிளையன்ட் ஒரு தந்திரம் செய்தது. அழிப்பதற்குப் பதிலாக, புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுப் பெயராக மாற்றி வைத்தது. பொறியாளர்களே இதற்கு வைத்த பெயர் ‘சில்லி ரீநேம்’. விளைவைப் பாருங்கள்: கண்ணுக்கு ஃபோல்டர் காலி, சிஸ்டமோ ‘காலி இல்லை’ என்கிறது. அந்த மறைவு ஃபைலை அழித்தால், திறந்து வைத்திருக்கும் புரோகிராம் ஓடும் வரை இன்னொரு பெயரில் மறுபடி முளைக்கும்.

விண்டோஸ் வழி நேர் எதிர். ஐ.பி.எம்.மில் பாரி ஃபைகன்பாம் 1980-களில் தொடங்கிய எஸ்.எம்.பி. நெறிமுறையில் சர்வர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும். அங்கே அழிப்பது என்றால் ‘அழிக்கப்பட வேண்டியது’ என்று குறி போடுவது. கடைசி ஆள் கையை எடுத்த பிறகுதான் ஃபோல்டர் போகும். அதுவரை பெயர் அங்கேயே நிற்கும். அதே பெயரில் புதிதாக உருவாக்கப் போனால் அனுமதி மறுப்பு வரும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் மனிதரே இல்லை. பக்கத்து மேசையில் திறந்து கிடக்கும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல், ஆன்டிவைரஸ், இல்லையென்றால் படங்களுக்காக விண்டோஸே உண்டாக்கும் ‘தம்ப்ஸ்.டிபி’ ஃபைல்.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், யூனிக்ஸ் முறையில் பட்டாவில் பெயரை எடுத்தாச்சு, தோட்டத்தில் நிற்பவன் அறுவடை முடித்துப் போகட்டும். விண்டோஸ் முறையில் கடைசி ஆள் வரப்பைத் தாண்டும் வரை பட்டா மாறாது.

இந்த இரண்டு உலகத்தையும் இணைத்தது சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 டிசம்பரிலும் 1992 ஜனவரியிலும் எழுதியது. இன்று சின்ன ஆபீஸ்களின் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது இதுதான். லினக்ஸ் வட்டின் மேல் விண்டோஸ் வழக்கத்தைக் காட்டும் வேலை அதற்கு. அதனால் இருபக்க விநோதங்களும் இங்கே சேர்ந்து வரும். சில வகை ஃபைல்களைப் பயனர் கண்ணில் படாமல் சாம்பாவில் மறைக்கலாம். அவை மட்டும் உள்ளே இருந்தால் ஃபோல்டர் காலியாகத் தெரியும், ஆனால் அழியாது.

கேஷும் ஒரு காரணம். விண்டோஸ் கிளையன்ட் டைரக்டரி விவரத்தை இயல்பாக 10 விநாடி வைத்திருக்கும், லினக்ஸ் என்.எஃப்.எஸ். கிளையன்ட் 30 முதல் 60 விநாடி. நீங்கள் அழித்த ஃபோல்டரை அடுத்த மேசைக்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பது பேய் வேலை இல்லை.

சரி, காணாமல் போகும் கதை? பாதி நேரம் மவுஸ் இழுத்ததில் பக்கத்து ஃபோல்டருக்குள் போயிருக்கும். மீதியில் அனுமதிதான் சிக்கல். யூனிக்ஸில் மேல் டைரக்டரியில் எழுத அனுமதி இருந்தால், அடுத்தவர் ஃபைலையும் அழிக்கலாம். இதைத் தடுக்கும் ‘ஸ்டிக்கி பிட்’ டைரக்டரிகளுக்கு வந்ததே 1986-இல், 4.3 பி.எஸ்.டி.யில்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரின் பகிர்வுச் சேமிப்பில் 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள் அழிந்தன. பழைய லாக்குகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். பாஷ், ஸ்கிரிப்டைப் படிக்கப் படிக்க ஓட்டும் வகை. நடுவழியில் புதிய பதிப்புக்குத் தாவியதும் மதிப்பில்லாத மாறி ஒன்று சிக்கியது. லாக் இருக்க வேண்டிய இடத்தில் ஆராய்ச்சித் தரவு அழிந்தது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை.

1990-களின் நோவெல் நெட்வேரில் அழித்ததை மீட்க ‘சால்வேஜ்’ இருந்தது. ஃபோல்டரே அழிந்தாலும் உள்ளிருந்த ஃபைல்களுக்கு மறைவான ஓர் இடம் உண்டு. விண்டோஸ் ரீசைக்கிள் பின் நெட்வொர்க் டிரைவுக்குப் பொதுவாக வேலை செய்யாது. இது தெரியாமல் “பின்ல இருக்குமுங்க” என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம்.

ஆகவே வரிசை இது. அழியாவிட்டால், பலவந்தமாக அழிக்கும் முன் சர்வரில் யார் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள்: விண்டோஸில் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியல், சாம்பாவில் ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’ கட்டளை. பிறகு மறைந்த ஃபைல்கள், பிறகு அனுமதி. காணாமல் போனால் முதலில் தேடல், அடுத்து பேக்கப். சாம்பாவில் ‘ரீசைக்கிள்’ மாட்யூலை இன்றே போட்டுவிடலாம், காசு செலவில்லை. அது பேக்கப்புக்கு மாற்று ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழிந்த டிராயிங் திங்கட்கிழமை காலையில் திரும்பக் கிடைக்கும்.