தெற்குப் பீச் காடுகளின் நிலத்தடிக் காளான்கள்

தென் அரைக்கோளத்தின் குளிர்ந்த மிதவெப்பக் காடுகளில் நோத்தோஃபேகஸ் எனப்படும் தெற்குப் பீச் மரங்களின் வேர்களோடு இணைந்து வாழ்ந்து, மண்ணுக்குள்ளோ சருகுக்கு அடியிலோ காய்க்கும் பூஞ்சைகள் இவை. சிலி, அர்ஜென்டினா நாடுகளின் பட்டகோனியாப் பகுதி, நியூசிலாந்து, தாஸ்மானியா, தென்கிழக்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் காணப்படுகின்றன. ஐரோப்பியச் சமையலில் பெயர்பெற்ற டிரஃபிள்கள் அடங்கும் டியூபர் பேரினம் இக்காடுகளுக்கு உரியதன்று.

வேர் உறவு

பூஞ்சை இழைகள் மரத்தின் நுனிவேர்களை உறைபோல் மூடியிருக்கும். மண்ணிலிருந்து பாஸ்பரஸ், நைட்ரஜன், நீர் ஆகியவற்றை மரத்துக்கு எடுத்துத் தந்து, அது ஒளிச்சேர்க்கையில் ஆக்கும் சர்க்கரையைப் பெறும்.

அமைப்பும் வகைப்பாடும்

குடைக்காளான்கள் செவுள்களிலிருந்து வித்துகளை உதிர்த்துக் காற்றில் விடுகின்றன. நிலத்தடிக் காளான்களின் கனியுடலோ விரிவதில்லை. வித்துகள் உள்ளேயே அடைபட்டிருக்கும். இவ்வடிவம் பல பூஞ்சைக் கிளைகளில் தனித்தனியே தோன்றியது. 1951இல் பூஞ்சையியலாளர் ரோல்ஃப் சிங்கர், குடை விரியாத சில காளான்களுக்குத் தாக்ஸ்டரோகாஸ்டர் என்ற பேரினத்தை அமைத்தார். அதில் சேர்க்கப்பட்டவை ஒரே மூதாதையின் வழி வந்தவை அல்ல, கார்ட்டினேரியஸ் என்னும் குடைக்காளான் குழுவுக்குள் வெவ்வேறு இடங்களில் உருவானவை என்பதைப் பிந்தைய மரபணு ஆய்வுகள் காட்டின.

வித்துப் பரவல்

காற்றின் உதவியை இழந்த இக்காளான்கள் தம்மைத் தின்னும் விலங்குகளையே பெரிதும் நம்பியுள்ளன. செரிக்காத வித்துகள் எச்சத்தோடு வெளியேறிப் புது வேர்களைச் சென்றடைகின்றன. ஆஸ்திரேலியாவில் பொட்டொரூ, பெட்டாங் போன்ற சிறு பைம்மாப் பாலூட்டிகள் வாசனையை மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்கின்றன. நியூசிலாந்தில் வௌவால்களைத் தவிர நிலவாழ் பாலூட்டிகள் இயற்கையாக இல்லை. அங்கு கல்லேசியா ஸ்க்லரோடெர்மா போன்ற பல இனங்கள் ஊதா, சிவப்பு நிறங்களில் மண்ணுக்கு மேல் பாதி தெரியும்படி காய்க்கின்றன. பறவைகளை ஈர்க்கவே இந்நிறங்கள் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அற்றுப்போன மோவா பறவையின் பழைய எச்சங்களில் வேர்வாழ் காளான்களின் டிஎன்ஏ இருந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பட்டகோனியாவில் சுக்காவோ, ஹுவெட்-ஹுவெட் என்னும் தரைவாழ் பறவைகள் இக்காளான்களைத் தின்று பரப்புவதை 2021ஆம் ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது.

அயல் உயிரினங்களின் தாக்கம்

அர்ஜென்டினாவின் நாவெல் உவாப்பி ஏரியிலுள்ள விக்டோரியா தீவில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட காட்டுப்பன்றியும் மானும் அயல் பூஞ்சைகளின் வித்துகளைச் சாணம் வழியே பரப்புகின்றன. அயல் பைன் மரங்கள் வேரூன்ற இப்பூஞ்சைகள் துணைபுரிவதால், பூர்விகத் தெற்குப் பீச் காட்டுக்குள் அம்மரங்கள் ஊடுருவ வழி ஏற்படுகிறது.