கூடாரத் தீயருகே நகைப்பும் கதையும்: கிழக்காப்பிரிக்க வேட்டைப் பயணங்களை முன்வைத்து

1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் பிரித்தானியக் கிழக்காப்பிரிக்காவில், அதாவது இன்றைய கென்யாவில், சிங்க வேட்டைக்குக் கிளம்பியபோது, மச்சாக்கோஸ் பக்கத்துப் பண்ணையாளரான பிலிப் பெர்சிவலும் குதிரையேறி உடன் சென்றார். 1933 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வேயைத் தாங்கனிக்காவுக்கு, இன்றைய தான்சானியாவுக்கு, அழைத்துச் சென்ற தொழில்முறை வேட்டைக்காரரும் அவரே. 1953இல் ஹெமிங்வே மீண்டும் வந்தார். அதற்குள் ஓய்வு பெற்றிருந்த பெர்சிவல், பழைய நட்புக்காகத் துப்பாக்கியை மறுபடி எடுத்தார். இந்த மூன்று பயணங்களுக்கிடையில் துப்பாக்கி மாறியது, குதிரை போய் லாரி வந்தது, சட்டங்கள் கூடின. மாலையில் நாற்காலிகளைத் தீயைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கையில் கோப்பையோடு அன்றைய வேட்டையைச் சொல்லிச் சிரிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆப்பிரிக்க வேட்டை பற்றிய ஆய்வுகள் இந்தச் சிரிப்பைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். ஜான் மெக்கன்சி 1988இல் வெளியிட்ட நூல், வேட்டைக்கும் பேரரசின் ஆதிக்கத்துக்கும் உள்ள தொடர்பை நிறுவியது. எட்வர்ட் ஸ்டைன்ஹார்ட் 2006இல் வெளியிட்ட நூல், கென்யாவின் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் சட்டத்தின் பார்வையில் எவ்வாறு திருட்டு வேட்டைக்காரர்களாக ஆக்கப்பட்டார்கள் என்பதைக் காட்டியது. இரண்டுமே தவிர்க்க முடியாத நூல்கள். ஆயினும் உரிமச் சீட்டும் காப்பகச் சட்டமும் பெற்ற கவனத்தைத் தீயருகே நடந்த பேச்சு பெறவில்லை. வேட்டை என்பது யாருடைய செயல் என்று தீர்மானிக்கப்பட்ட இடம் அந்தத் தீயருகுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். நண்பர்களின் கேலி அச்சத்தைப் பேச இடம் கொடுத்தது. உழைப்பைப் பேச இடம் கொடுக்கவில்லை. அதே வேளையில், சற்றுத் தள்ளி எரிந்த இன்னொரு தீயின், பணியாட்களுடைய தீயின், சிரிப்பும் வேட்டையாடியவர்கள் எழுதிய நூல்களுக்குள்ளேயே பதிவாகியிருக்கிறது. எழுதியவர்கள் அதன் முழுப் பொருளையும் அறிந்து எழுதவில்லை. நாம் அதை இன்று படித்தெடுக்க முடியும்.

முதலில் அந்த இரண்டு தீக்களுக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். ரூஸ்வெல்ட்டின் பயணத்தை ஏற்பாடு செய்தது நைரோபியின் நியூலேண்ட் அண்ட் டார்ல்டன் நிறுவனம். ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகத் தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பு கொண்டுபோனார்கள். பயணத்தின் பெரும்பகுதியில் அந்த உப்பும், கூடாரங்களும், ரூஸ்வெல்ட்டுக்கென்று பன்றித்தோல் அட்டை போட்டுக் கட்டிய நூல்களும் ஆள் தலையில்தான் போயின. ஒரு சுமை 60 ராத்தல், அதாவது 27 கிலோ. அன்று அங்கே புழங்கியது இந்திய ரூபாய். சுமையாளின் மாதக் கூலி 10 ரூபாய் அளவில் இருந்தது; வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரர் வாங்க வேண்டிய உரிமச் சீட்டின் விலை 50 பவுன், அதாவது 750 ரூபாய். சுமையாள் ஒருவர் ஆறாண்டுக்கு மேல் உழைத்தால் வரும் கூலி அது. அந்தப் பயணத்தில் ரூஸ்வெல்ட் 296 விலங்குகளையும் அவர் மகன் கெர்மிட் 216 விலங்குகளையும் சுட்டதாக அவரது நூலே பட்டியலிடுகிறது. ஒவ்வொரு பெருவிலங்குக்கும் அதைத் தடம் பார்த்துக் கண்டவர், மாற்றுத் துப்பாக்கியோடு அருகில் நின்றவர், தோலுரித்தவர், சுமந்தவர் என்று ஒரு வரிசை உண்டு. பட்டியலிலோ தந்தைக்கும் மகனுக்குமான இரண்டு பத்திகள்தான்.

இனி நண்பர்களின் தீக்கு வருவோம். அங்கே சொல்லப்பட்ட கதைகளுக்குத் திட்டமான ஒழுங்கு இருந்தது. கொன்றதைப் பற்றிப் பெருமையடிப்பது கீழானதாகக் கருதப்பட்டது. தவறவிட்டதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது பண்பாகக் கருதப்பட்டது. காண்டாமிருகம் துரத்தி முள்மரத்தில் ஏறியது, கூடார வாசலில் பாம்பைக் கண்டு அலறியது, பத்தடி தூரத்தில் நின்ற மானைத் தவறவிட்டது எல்லாம் நல்ல கதைகள். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ருவார்க் 1951இல் தொழில்முறை வேட்டைக்காரர் ஹாரி செல்பியோடு சென்ற பயணத்தை 1953இல் நூலாக எழுதினார். காட்டெருமை முன் தமக்கு உண்டான நடுக்கத்தை அவர் மறைக்கவில்லை. அந்த நடுக்கமே நூலின் சுவை. ஆழமான மனித நேர்மை ஒன்று அதில் இருக்கிறது என்பதை நான் ஏற்கிறேன். பயந்தேன் என்று ஓர் ஆண் தன் நண்பர்கள் முன் சொல்ல அவனுடைய ஊரில் இடமில்லாதபோது, கூடாரத் தீ அந்த இடத்தைத் தந்தது.

ஆனால் பயந்தவனைக் கதை சொல்ல உயிரோடு மீட்டது யார் என்ற கேள்வியை இந்த ஒழுங்கு எழவிடுவதில்லை. குண்டு தவறியவனுக்குப் பின்னால் இரண்டாவது துப்பாக்கியோடு நகராமல் நின்றவர் ஒருவர் உண்டு. காயம்பட்ட விலங்கு புதருக்குள் போனபின், குனிந்து இரத்தத் துளி பார்த்து முதலில் நுழைந்தவரும் ஒருவர் உண்டு. அவர் சுடவில்லை, சுட அனுமதிக்கப்படவுமில்லை. அபாயம் மட்டும் அவருக்குச் சம பங்கு. கேலிக்கதையில் அவர் பெரும்பாலும் அருமையான ஆள் என்ற ஒரே பாராட்டோடு நின்றுவிடுகிறார்.

நண்பர்களுக்குள்ளும் கேலி என்ன வேலை செய்தது என்பதை ஹெமிங்வே 1935இல் வெளியிட்ட பயண நூலில் கூர்மையாகக் காணலாம். அவரோடு வந்தவர்கள் மனைவி பாலினும் கீ வெஸ்ட் ஊர் நண்பர் சார்ல்ஸ் தாம்சனும். செலவுக்குப் பாலினின் சிற்றப்பா 25,000 டாலர் கொடுத்திருந்தார். நூலில் தாம்சனின் பெயர் கார்ல். கார்ல் அதிகம் பேசாதவர். வேட்டையைப் பற்றி நுணுகி நுணுகிச் சிந்திக்காதவர். ஆனால் அவர் சுடுவதெல்லாம் ஹெமிங்வே சுட்டதைவிடப் பெரிதாக அமைந்துவிடுகிறது. காண்டாமிருகத்தின் கொம்பில் அப்படி. குடு மானின் கொம்பில் அதைவிட அப்படி. நாட்கணக்காக அலைந்து, கடைசி நேரத்தில் இரண்டு அழகிய குடு மான்களை அடைந்து, மகிழ்ச்சி தாங்காமல் திரும்பும் ஹெமிங்வே, கூடாரத்தில் கார்ல் கொண்டுவந்திருக்கும் கொம்பைப் பார்க்கிறார். தம்முடையவை சிறுத்துப் போகின்றன. அந்த இடத்தில் பொறாமையைச் சொல்லவும் முடியாது, விழுங்கவும் முடியாது. பெர்சிவல்தான் நிலைமையைக் காக்கிறார்: ஒரு சொல், ஒரு மெல்லிய கேலி, பிறகு குடிக்க ஏதாவது. தொழில்முறை வேட்டைக்காரரின் வேலை விலங்கைக் காட்டுவதோடு முடியவில்லை என்பது இங்கே தெரிகிறது. தீயருகே யாருடைய மனமும் உடையாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு.

அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி வாயடக்கம். ஹெமிங்வே 1936இல் எழுதிய பிரான்சிஸ் மக்கோம்பர் கதையில், சிங்கத்தைக் கண்டு ஓடிய கதாநாயகன், இதை வெளியில் சொல்லிவிடாதே என்று வேட்டைக்காரனைக் கேட்டுக்கொள்கிறான்; அப்படிக் கேட்டதையே அந்த வேட்டைக்காரன் அவமானமாக எடுத்துக்கொள்கிறான். ஆனால் அந்தக் கதையின் பின்னால் உள்ள நிகழ்ச்சியை ஹெமிங்வேக்குச் சொன்னவர் பெர்சிவல் என்றே ஆய்வாளர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். 1908இல், கென்யாவின் சாவோ சிங்கங்களைக் கொன்று புகழ்பெற்ற ஜே. எச். பேட்டர்சனோடு வேட்டைக்குப் போன ஆட்லி பிளைத் என்ற பிரபு குடும்பத்து ஆள் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தார். உடன் அவர் மனைவியும் இருந்தார். பிளைத் இறந்த பின்னும் பயணம் தொடர்ந்தது. ஊரெல்லாம் முணுமுணுத்த விஷயம் அது. ஆக, வேட்டைக்காரரின் வாயடக்கம் என்பது கதையைச் சொல்லாமலிருப்பது அல்ல. தக்க தீயருகே, தக்க காதுகளுக்கு மட்டும் சொல்வது. கால் நூற்றாண்டு அந்தக் கதை அப்படியே தீயிலிருந்து தீக்குப் போய், ஒருநாள் இலக்கியமாயிற்று. அந்தப் பயணத்தின் சுமையாட்கள் தங்கள் தீயருகே அதை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு இலக்கியத்தில் இடம் கிடைக்கவில்லை.

இப்போது மற்றத் தீயின் சிரிப்பு. ஹெமிங்வேயின் நூலிலேயே ஓர் அரிய நிகழ்ச்சி இருக்கிறது. பாலின் ஒரு சிங்கத்தைச் சுடுகிறார், ஹெமிங்வேயும் சுடுகிறார், சிங்கம் விழுகிறது. விழுத்திய குண்டு பெரும்பாலும் ஹெமிங்வேயுடையது. ஆனால் துப்பாக்கி தூக்கிவரும் மு'கோலா, அம்மாதான் சுட்டார் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கூடாரத்துக்கு வந்ததும் பணியாட்கள் எல்லாரும் பாலினைத் தோளில் தூக்கிக்கொண்டு, பாடி ஆடி வலம் வருகிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு உண்மை தெரியும், யாரும் மறுக்கவில்லை. இந்தக் கதையை எழுதியவர் ஹெமிங்வே, ஆனால் ஆக்கியவர் மு'கோலா. சிங்கம் விழுந்தால் பணியாட்களுக்கு இனாம் தருவது வேட்டைப் பயணங்களின் வழக்கம் என்பதை நினைவில் கொண்டால், இந்தப் பாட்டும் ஆட்டமும் வெறும் குதூகலம் அல்ல என்று புரியும். அவர்களுக்குப் பாலின் மேல் உண்மையான பிரியம் இருந்திருக்கலாம். மு'கோலாவுக்கு இருந்தது என்று நூல் தெளிவாகவே காட்டுகிறது. பிரியமும் கணக்கும் ஒரே பாட்டில் சேர்ந்திருந்தன என்று கொள்வதே சரியாகப் படுகிறது. கழுதைப்புலி குண்டுபட்டுச் சுழல்வதைக் கண்டும், ஹெமிங்வே பறவைகளைத் தவறவிடும்போதும் மு'கோலா அடக்கமாட்டாமல் சிரித்தார். எசமானரின் தவறைப் பார்த்து நேருக்கு நேர் சிரிக்கும் உரிமையை அவர் எப்படியோ பெற்றிருந்தார். அது சின்ன விஷயமல்ல.

பெயரிடுவதில் இது இன்னும் வெளிப்படை. ஹெமிங்வே தம் தடம் பார்ப்பவர்களில் ஒருவருக்கு அவருடைய தொங்கும் இமைகளை வைத்து ஒரு பெயரையும், இன்னொருவருக்கு நாடக நடிகர் காரிக்கின் பெயரையும் சூட்டினார். அவர்களின் சொந்தப் பெயர்களை நூல் தரவில்லை. மறுபக்கம், ரூஸ்வெல்ட்டுக்கு மரியாதைப் பெயராகப் பெரிய எசமானர் என்ற பொருளில் புவானா மகுபா என்பது வழங்கியது. அதோடு புவானா தும்போ, அதாவது தொப்பை எசமானர், என்ற பெயரும் பரவிப் பத்திரிகைவரை போயிற்று. மகன் கெர்மிட்டுக்கு அலங்காரப் பிரியர் என்ற பொருளில் ஒரு பெயர். முன்னாள் குடியரசுத் தலைவரைத் தொப்பைக்காரர் என்று அழைக்கும் துணிச்சல் ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடாது. அதற்குப் பின்னால் நெடிய பயிற்சி இருக்கிறது.

அந்தப் பயிற்சியின் பெயர் உதானி. சுவாஹிலி வழங்கும் நாடுகளில், குறிப்பாகத் தாங்கனிக்காவில், குலத்துக்கும் குலத்துக்கும் இடையே நிலவிய கேலி உறவு அது. உதானி உள்ள இருவர் ஒருவரையொருவர் எவ்வளவு கடுமையாக ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் மற்றவரின் பொருளை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு, வழியில் பசித்தால் சோறு போடவும், சாவு விழுந்தால் அடக்கம் செய்யவும் அவர் கடமைப்பட்டவர். நம் பக்கத்து மாமன் மச்சான் கேலி இதற்கு மிக நெருக்கம். கேலி செய்யும் உரிமையுள்ளவனுக்கே செய்முறைக் கடனும் உண்டு. மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1940இல் கேலி உறவுகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். தாங்கனிக்காவின் உதானியைப் பற்றிப் பறவையியலாளரான மோரோ 1940களில் எழுதினார். கடற்கரைக்கும் ஏரிகளுக்கும் இடையே தந்தமும் துணியும் சுமந்த நியாம்வேசிச் சுமையாட்களின் நெடும்பயணங்களில் இந்த உறவு வளர்ந்து விரிந்ததை ஸ்டீபன் ராக்கலின் 2006ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. வேட்டைப் பயணம் என்ற அமைப்பே அந்தப் பழைய வணிகச் சாத்துகளின் வழித்தடங்களையும், சுமை அளவையும், தலைவன் முறையையும் வாங்கிக்கொண்டு எழுந்தது. ஆகவே கேலி மரபும் அதனோடு வந்தது என்று கொள்வது பொருத்தம்.

இங்கேதான் இரண்டு தீக்களின் வேறுபாடு எனக்குத் துலங்குகிறது. உதானியின் கேலி கடமையில் முடிகிறது. வெள்ளை வேட்டைக்காரர்களின் கேலி அவர்களுக்குள் ஒரு கடமையை உண்டாக்கியது: நண்பனின் அச்சத்தை ஊரறியச் சொல்லாதிருப்பது. அந்த வட்டத்துக்கு வெளியே நின்று அதே அபாயத்தைப் பகிர்ந்தவரோடு எந்தக் கடனையும் அது உண்டாக்கவில்லை. பயணம் முடிந்தால் கூலி, இனாம், ஒரு பழைய சட்டை. தொப்பை எசமானர் என்ற பெயரை இந்த வெளிச்சத்தில் வெறும் எதிர்ப்பாக வாசிப்பது போதாது. அது ஒருவகை அழைப்பும்கூட. கேலி உறவுக்குள் வா, வந்தால் கடனும் உண்டு என்ற அழைப்பு. அந்த அழைப்பு எதிர்முனையில் அப்படிப் புரிந்துகொள்ளப்பட்டதற்கு அறிகுறி இல்லை.

புரிந்துகொள்ளும் வாய்ப்பு பக்கத்திலேயே இருந்தது என்பதுதான் வருத்தம். ஹெமிங்வேயின் நூல் தொடங்கும்போது, லாரி பழுதாகி வழியில் நிற்கும் ஓர் ஆஸ்திரியர் வருகிறார். வேட்டையில் அவருக்கு நாட்டமில்லை. இலக்கியமும் இந்த மண்ணின் மக்களின் வழக்கங்களும்தான் அவருக்குப் பெரிது. நூலில் காண்டிஸ்கி என்று பெயர் மாற்றப்பட்டுள்ள அவர், பின்னாளில் ஹான்ஸ் கோரி என்ற பெயரில் தாங்கனிக்கா அரசின் சமூகவியலாளராகி, சுகுமா மக்களின் வழக்குச் சட்டங்களைத் தொகுத்தவர். தீயருகே அவர் பேசியதில் ஹெமிங்வே முக்கியமாகக் கேட்டுக்கொண்டது ஐரோப்பிய எழுத்தாளர்களைப் பற்றி.

ஓர் ஆட்சேபம் எழலாம். எசமானர்களே எழுதிய நூல்களை வைத்துப் பணியாட்களின் சிரிப்பைப் பற்றி முடிவு கட்டலாமா? எச்சரிக்கை தேவைதான். ஆனால் அந்த எழுத்தாளர்கள் பெருமைக்காகப் பதிந்த இடங்களைவிட, வேடிக்கையென்று கருதிப் போகிற போக்கில் பதிந்த இடங்களே நம்பத் தக்கவை. அங்கே அவர்கள் எதையும் நிறுவ முயலவில்லை. கென்யாவின் வேட்டைக்காரர் சங்கம் 1934இல் தொடங்கி, 1977இல் வேட்டை தடைசெய்யப்பட்டதோடு கலைந்தது. அதன் உறுப்பினர்களின் நினைவுக் குறிப்புகள் மட்டும் ஓர் அலமாரியை நிரப்பும். அவற்றை இந்தக் கண்ணோடு மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

வாத்தா மக்களுக்கு அத்தகைய அலமாரி இல்லை. சாவோவைச் சுற்றி வாழ்ந்த இந்த யானை வேட்டைக்காரர்கள் 100 ராத்தலுக்கு மேல் இழுவிசை கொண்ட வில்லை வளைத்து, நஞ்சு தோய்ந்த அம்பால் மிக அருகில் சென்று யானையை வீழ்த்தியவர்கள். 1950களின் நடுவில் டேவிட் ஷெல்ட்ரிக்கும் பில் வுட்லியும் நடத்திய திருட்டு வேட்டை ஒழிப்பு நடவடிக்கையில் அவர்களில் பலர் சிறை சென்றனர். அவர்களும் தீயருகே அமர்ந்து தங்கள் தவறுகளையும் தப்பித்தல்களையும் சொல்லிச் சிரித்தவர்கள்தான். அவர்களுடைய வேட்டைக்கதைகளில் நமக்கு எழுத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அவர்களைத் தேடிப் பிடித்து, பிடித்தபின் அவர்களின் திறமையை வியந்து, கைதியாக எதிரில் உட்கார்த்திக் கேட்ட அதிகாரிகளின் வாயிலாக வந்தவை.