குவேரா, மலபார், கோரமண்டல்: ஒரே கப்பலுக்கு மூணு பேர்

இந்த எபிசோடை ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கலாம்னு வீக்கெண்டுக்கு வந்தோம், மேகம் மூடிடுச்சு. சரி, கதையாவது சொல்லலாம்.

இங்கிருந்து எட்டிப் பார்த்தா கடல் தெரியாது. ஆனா இன்னைக்குக் கதை ஒரு கப்பலைப் பத்தினது.

1798ல கல்கத்தாவுல ஒரு வணிகக் கப்பல் கட்டி இறக்குறாங்க. பேரு 'குவேரா'. என் காதுக்கு அது நம்ம குபேரன்தான். சரக்குக் கப்பலுக்கு வேற என்ன பேரு பொருத்தமா இருக்கும்? கல்கத்தாவுல அப்போ பெரும்பாலும் பர்மாவுல இருந்து வந்த தேக்குலதான் கப்பல் கட்டுவாங்க. ஓக் மரத்துல இருக்கிற அமிலம் இரும்பு ஆணியை அரிச்சிடும். தேக்குல இருக்கிற எண்ணெய் ஆணியைக் காப்பாத்தும். அதனால தேக்குக் கப்பலுக்கு ஆயுசு கெட்டி.

குவேரா கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஒரு தடவை லண்டன் போயிட்டுத் திரும்பி வருது. அதுக்கப்புறம் அதோட வேலையே மாறுது.

குவேரா தண்ணியில இறங்கின அதே 1798லதான் நெப்போலியன் எகிப்துல இறங்குறார். அங்கிருந்து செங்கடல் வழியா இந்தியாவுக்கு வந்துடுவாரோன்னு லண்டனுக்கு பயம். 1801ல ரெண்டு பக்கமும் நெருக்கத் திட்டம் போடுறாங்க: மத்தியதரைக் கடல் பக்கம் ஜெனரல் அபர்கிராம்பி, இந்தியாவுல இருந்து ஜெனரல் டேவிட் பெயர்டு. பெயர்டோட ஆட்களையும் சாமானையும் ஏத்திட்டுப் போன கப்பல்கள்ல குவேராவும் ஒண்ணு.

இந்த பெயர்டு யாரு தெரியுமா? 1780 செப்டம்பர்ல காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல பொள்ளிலூர்ல ஹைதர் அலி, திப்பு படைகிட்ட கம்பெனிப் படை தோத்துச்சு இல்லையா? அதுல பிடிபட்டு, 1784 வரைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில கிடந்தவர். 1799ல அதே கோட்டைமேல நடந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கினவரும் அவர்தான். இந்த மலைக்கு வடக்கே ஓடுற பாலாற்றுப் பள்ளத்தாக்கும், தெற்கே இருக்கிற செங்கம் கணவாயும்தான் அந்தப் போர்கள்ல படைகள் போய் வந்த வழிகள்.

எகிப்துக்கு வருவோம். சூயஸ் வரைக்கும் கப்பல்லயே போறதுதான் பிளான். ஆனா செங்கடலோட வடக்குப் பகுதியில காத்து எப்பவும் எதிர்த்துத்தான் அடிக்கும். பாய்மரத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்? குசைர்ங்கிற சின்னத் துறைமுகத்துலயே இறங்கிட்டாங்க. அங்கிருந்து பாலைவனத்துல நடந்து நைல் கரையில இருக்கிற கெனாவுக்குப் போகணும், கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். பகல்ல வெயில் தாங்காது, ராத்திரிதான் நடை. வழியில தண்ணி ரொம்பக் குறைவு. கடைசியில நைல்ல இறங்கி வந்து சேர்றதுக்குள்ள கெய்ரோ சரணடைஞ்சாச்சு. செப்டம்பர் தொடக்கத்துல அலெக்சாண்டிரியாவும் விழுந்துடுச்சு. அவ்வளவு தூரம் வந்தும் பெரிய சண்டை எதுவும் இல்லை.

அந்தப் படையில வெள்ளைக்காரங்களோட இந்தியச் சிப்பாய்களும் இருந்தாங்க. கடல் தாண்டினா சாதி போயிடும்னு பயந்த காலம். மெட்ராஸ் சிப்பாய்களோ 1762லயே கப்பலேறி மணிலா வரைக்கும் போயிருந்தாங்க. கம்பெனிக்கு இது பெரிய வசதி: ஆளை இங்கேயே எடுத்து, எங்க வேணும்னாலும் இறக்கலாம். மூட்டை ஏத்தின இடத்துல மனுஷன், அவ்வளவுதான்.

1804ல பிரிட்டிஷ் கடற்படை குவேராவை விலைக்கு வாங்கி, 56 பீரங்கி வெச்சு, 'மலபார்'னு பேரு மாத்துது. 1806ல அது மறுபடியும் சாமான் கப்பல். இந்த மலைக்கு வடக்கே வேலூர்க் கோட்டையில, புதுத் தலைப்பாகையை எதிர்த்தும், நெத்தியில சின்னம் வைக்கக் கூடாதுங்கிற உத்தரவை எதிர்த்தும் சிப்பாய்கள் எழுந்ததும் அதே 1806 ஜூலைலதான். ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனா சிப்பாயைச் சரக்கா நினைச்சவங்களுக்குக் கிடைச்ச பதில் அது.

1815ல திரும்பவும் பேரு மாறுது: 'கோரமண்டல்'. அதாவது நம்ம சோழமண்டலம்! 1819ல சுமார் 300 கைதிகளை ஏத்திக்கிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புது. அவங்களை இறக்கிட்டு 1820ல பாய்மரத்துக்கு மரம் வெட்ட நியூசிலாந்து போகுது. அது நங்கூரம் போட்ட துறைமுகத்துக்கு அந்தக் கப்பலோட பேரே ஒட்டிக்கிச்சு. அங்கிருந்து அந்தத் தீபகற்பத்துக்கும். இன்னைக்கும் நியூசிலாந்து மேப்புல கோரமண்டல் இருக்கு, பாருங்க.

1827ல இருந்து பெர்முடாவுல மிதக்கும் சிறை. அங்க கைதிகளை வெச்சுத்தான் கடற்படைத் துறைமுகத்தைக் கட்டினாங்க. 1853ல கப்பலைப் பிரிச்சுப் போட்டாங்க. மொத்தம் 55 வருஷம்.

நம்ம ஆபீஸ்ல பழைய சர்வருக்குப் புதுப் பேரு வெச்சு வேற வேலைக்குத் தள்ளிவிடுவோம்ல? அதே மாதிரிதான். ஒரு வித்தியாசம், இதுக்குள்ள இருந்தது மனுஷங்க. கப்பலோட பேரு மேப்புல ஏறிடுச்சு. அதுல ஏறி எகிப்துப் பாலைவனத்துல நடந்த சிப்பாய்ல ஒருத்தர் பேராவது உங்களுக்கோ எனக்கோ தெரியுமா?

உங்க வீட்டுல தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ பட்டாளத்துல கப்பலேறின கதை இருந்தா, பாட்டிகிட்ட இன்னைக்கே கேட்டு, ஃபோன்லயாவது பதிவு பண்ணி வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!